மானிட்டர் 4கே, திரையில் தெரிவதோ கால்வாசி

கேள்வி: ஐயா, சிவகாசியில் இருபது வருடமாக டிடிபி வேலை செய்கிறேன். புத்தகம், டைரி, காலண்டர் எதுவானாலும் பக்கம் கட்டுவதும் நான்தான், ப்ரூஃப் பார்ப்பதும் நான்தான். கண்ணுக்குச் சிரமமாக இருக்கிறதே என்று போன மாதம் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். கம்ப்யூட்டர், சில வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020. ஐ5-4590 பிராசஸர், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அதில் ஹெச்டிஎம்ஐ கிடையாது. அதனால் கடையில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் கொடுத்து, மானிட்டரோடு வந்த ஹெச்டிஎம்ஐ கேபிளை அதில் மாட்டச் சொன்னார்கள். படம் வருகிறது. ஆனால் ரெசல்யூஷன் பட்டியலில் 1920 × 1080-க்கு மேல் ஒன்றுமே இல்லை. பழைய 22 அங்குல மானிட்டரில் தெரிந்ததைவிட எழுத்து மங்கலாகத் தெரிகிறது. "கம்ப்யூட்டர் பழசும்மா, 4கே தாங்காது, புதுசு வாங்குங்க" என்கிறார் கடைக்காரர். இப்போதைக்கு அதற்கு வழி இல்லை. மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, திருப்பிக் கொடுக்க வேண்டாம். கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால், மாற்ற வேண்டியது அந்தச் சின்ன கன்வெர்ட்டரை மட்டும்தான். அதற்குப் பதிலாக ஒரு டிஸ்ப்ளேபோர்ட் (ஹெச்டிஎம்ஐ போலவே மானிட்டருக்குப் படம் அனுப்பும் இன்னொரு வகை இணைப்பு) கேபிள் போதும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று விளக்கிவிடுகிறேன். காரணம் தெரிந்திருந்தால் அடுத்த முறை கடையில் நீங்களே கேள்வி கேட்கலாம்.

முதலில், எழுத்து ஏன் முன்பைவிட மோசமாகத் தெரிகிறது? அது உங்கள் கண் கோளாறு இல்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது. 1920 × 1080 என்பது 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள். பழைய 22 அங்குலத் திரையில் அத்தனை புள்ளியும் ஓர் அங்குலத்துக்கு 100 வீதம் நெருக்கமாக நின்றன. இப்போது அதே புள்ளிகளை 27 அங்குலத்துக்கு இழுத்து விரித்திருக்கிறீர்கள். அங்குலத்துக்கு 82-தான் தேறும். உங்கள் மானிட்டரின் உண்மையான அளவு 3840 × 2160, அதாவது 82 லட்சத்து 94 ஆயிரம் புள்ளிகள். அங்குலத்துக்கு 163. காசு கொடுத்து வாங்கியதில் நாலில் ஒரு பங்குதான் உங்களுக்கு வந்து சேர்கிறது. மீதியை மானிட்டர் தானாகவே இட்டு நிரப்புகிறது. பல மானிட்டர்கள் அப்படி நிரப்பும்போது எழுத்தின் ஓரங்களைக் கொஞ்சம் மழுங்கடித்துவிடும்.

இது தமிழ் ப்ரூஃப் பார்க்கிறவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது சினிமா பார்க்க மானிட்டர் வாங்குகிறவருக்குப் புரியாது. 10 பாயிண்ட் எழுத்தை நூறு சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். 82 என்ற நெருக்கத்தில் அந்த எழுத்துக்கு மேலிருந்து கீழ்வரை கிடைப்பது சுமார் 11 புள்ளி. அதற்குள்தான் 'ண'வின் சுழிகளும் 'ஜ'வின் வளைவும் அடங்க வேண்டும். மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்கு ஒரே ஒரு திரைப்புள்ளி மிஞ்சினால் அதிகம். 163 என்ற நெருக்கத்தில் அதே எழுத்துக்கு 22, 23 கிடைக்கும். காலுக்கும் 'ர'வுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் கண்ணை இடுக்காமல் தெரியும். கண்ணுக்காக இந்த மானிட்டரை வாங்கினீர்களே, அது சரியான முடிவு. அதன் பலன்தான் இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். ஐ5-4590, இன்டெல்லின் நான்காம் தலைமுறை. 2014-இல் வந்தது. அதற்குள்ளேயே இருக்கும் ஹெச்டி 4600 கிராபிக்ஸ், டிஸ்ப்ளேபோர்ட் வழியாக 3840 × 2160 அளவை நொடிக்கு 60 முறை அனுப்பக்கூடியது. இது நான் ஊகமாகச் சொல்வதல்ல, இன்டெல் கொடுத்திருக்கும் விவரப் பட்டியலிலேயே உள்ளது. "4கே தாங்காது" என்று உங்கள் கடைக்காரர் சொன்னது, உங்கள் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை சரியில்லை.

அப்படியானால் சிக்கல் நடுவில் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் போகும் படத்தைக் குழாயில் ஓடும் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 1920 × 1080, நொடிக்கு 60 முறை என்றால் நொடிக்குச் சுமார் 300 கோடி பிட் போக வேண்டும். 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 1,200 கோடி. ஒவ்வொரு வரிக்கும் நடுவே விடும் இடைவெளியைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். உங்கள் சிபியுவின் பின்னால் இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வகை. அதில் 1,728 கோடி வரை போகும், தாராளம். ஆனால் அந்த ஓட்டையில் நீங்கள் மாட்டியிருக்கும் கன்வெர்ட்டர், நீங்கள் சொல்கிற அறிகுறியை வைத்துப் பார்த்தால், 'டைப் 1' எனப்படும் முதல் வகை கன்வெர்ட்டராகத்தான் இருக்க வேண்டும். அதன் எல்லை 165 மெகாஹெர்ட்ஸ். பிட் கணக்கில் சொன்னால் 400 கோடிக்குள். இந்தப் பக்கம் பெரிய குழாய், அந்தப் பக்கம் பெரிய தொட்டி, நடுவில் ஒரு ஸ்ட்ரா.

இன்னொன்றும் கேட்கலாம்: "தெரியாவிட்டாலும் பட்டியலிலாவது 4கே வர வேண்டாமா?" மானிட்டரை மாட்டியதும் அது தன்னைப் பற்றிய ஒரு குறிப்பை, என் அளவு இன்னது, நான் காட்டக்கூடியவை இவை என்று, கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஈடிஐடி என்பார்கள். அடிப்படைக் குறிப்பு வெறும் 128 பைட். கம்ப்யூட்டர் அதைப் படித்துவிட்டு, நடுவில் இருக்கும் கன்வெர்ட்டரின் வரம்பையும் பார்க்கும். வரம்புக்கு மேல் உள்ள அளவுகளைப் பட்டியலிலேயே காட்டாது. அதனால்தான் பார்க்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டரிடமே அந்தத் திறமை இல்லாதது போலத் தோன்றுகிறது. கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டியலைப் பார்த்து அவரும் நம்பியிருப்பார்.

நானும் ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் 30 அங்குல மானிட்டர் வாங்கினார். 2560 × 1600 வர வேண்டும், 1280 × 800-தான் வந்தது. இரண்டு நாள் அவர் கம்ப்யூட்டரை என்னிடமே வைத்திருந்தேன். டிரைவர் மாற்றினேன், விண்டோஸைத் திரும்பப் போட்டேன், கடைசியில் கிராபிக்ஸ் கார்டே போய்விட்டது என்று சொல்லி வேறு கார்டு வாங்க வைத்தேன். புதுக் கார்டிலும் அதே 1280 × 800. அப்புறம்தான் கேபிளின் முனையைத் திருப்பிப் பார்த்தேன். டிவிஐ என்ற பழைய வகை மானிட்டர் கேபிளில் சிங்கிள் லிங்க், டூயல் லிங்க் என்று இரண்டு உண்டு. சிங்கிள் லிங்கில் நடுவே ஆறு ஊசி இருக்காது. அவரிடம் இருந்தது அது. அந்த ஆறு ஊசிக்காக அவர் ஒரு கார்டின் விலையைக் கொடுத்திருந்தார். கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன், ஆனால் கல்யாண சீசனில் அவருக்குப் போன இரண்டு நாள் வேலையை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அன்றிலிருந்து படம் சரியாக வரவில்லை என்று யார் வந்தாலும் முதலில் கேபிளின் இரண்டு முனையையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்றால் இன்னொரு முறை துழாவிப் பாருங்கள். பல 4கே மானிட்டர்களோடு ஹெச்டிஎம்ஐ கேபிளும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளும் இரண்டுமே வரும். தெர்மாகோலுக்கு அடியில் பாலிதீன் பையில் கிடக்கும். பெட்டி கையில் இருக்கும்போதே அதில் 3840 × 2160 என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். "4கே சப்போர்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் கொஞ்சம் உஷாராக வேண்டும். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, 1920 × 1080-ஆகக் குறைத்துக் காட்டும் மலிவு மானிட்டர்களும் அந்தப் பெயரில் விற்கின்றன. அப்படி இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

கேபிள் இல்லாவிட்டால் கடையில் "டிபி டு டிபி, இரண்டு பக்கமும் டிஸ்ப்ளேபோர்ட்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பக்கம் டிஸ்ப்ளேபோர்ட்டும் மறுபக்கம் ஹெச்டிஎம்ஐயும் உள்ள கேபிளைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் முனைக்குள்ளேயே பெரும்பாலும் இப்போதிருக்கும் அதே வகைக் கன்வெர்ட்டர்தான் ஒளிந்திருக்கும். நீளம் இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். ஐந்து மீட்டர் மலிவுக் கேபிளில் 4கே வந்தாலும் திரை அவ்வப்போது ஒரு நொடி கறுத்துவிட்டு வரும். ரொம்ப மலிவானதில் இன்னொரு தொல்லை: 20-ஆம் எண் ஊசி இரண்டு முனைக்கும் இணைக்கப்பட்டிருக்கும். அது இணையவே கூடாத ஊசி. மானிட்டரிலிருந்து மின்சாரம் பின்வழியாகக் கம்ப்யூட்டருக்குள் ஏறி, கம்ப்யூட்டர் ஒழுங்காக ஆன் ஆகாமல் படுத்தும். ஓரளவு பெயர் தெரிந்த கம்பெனிக் கேபிளாக வாங்குங்கள்.

உங்கள் சிபியுவின் பின்னால் நீல நிற விஜிஏ ஒன்றும், டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட் என்பது ஒரு மூலை மட்டும் சீவிவிட்ட செவ்வகம். எதில் மாட்டினாலும் சரிதான். மாட்டும்போது 'க்ளிக்' என்று பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது முனையின் மேல் உள்ள பொத்தானை அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். அமுக்காமல் பிடித்து இழுத்துப் போர்ட்டையே பெயர்த்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீல விஜிஏவைத் தொடவே வேண்டாம். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த ஏற்பாடு அது. உங்கள் கம்ப்யூட்டரில் அதன் எல்லை 1920 × 1200.

மாட்டிய பிறகு, மானிட்டரின் பொத்தானை அழுத்தி உள்ளீட்டை டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போனால், பட்டியலில் 3840 × 2160 என்பது 'ரெகமண்டட்' என்ற சொல்லோடு நிற்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். இதே பக்கத்தில் கீழே 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' இருக்கும். அதற்குள் இரண்டு வரிகளைப் பாருங்கள். 'டெஸ்க்டாப் ரெசல்யூஷன்' என்பது விண்டோஸ் வரைகிற அளவு. 'ஆக்டிவ் சிக்னல் ரெசல்யூஷன்' என்பது உண்மையில் கேபிளில் போகிற அளவு. இரண்டும் 3840 × 2160 என்று இருந்தால்தான் வேலை முடிந்தது. சில சமயம் முதல் வரி பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்து ஆளை ஏமாற்றிவிடும். அதற்குக் கீழே 'ரிஃப்ரெஷ் ரேட்' 60 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 60 முறை) பக்கம் இருக்க வேண்டும். 30 என்று இருந்தால் எழுத்து கூர்மையாகத்தான் தெரியும், ஆனால் மவுஸ் அம்பு கைக்குப் பின்னால் இழுபடும். பக்கத்தை உருட்டும்போது தாவித் தாவிப் போகும். நாள் முழுக்க உட்காருகிறவருக்கு அது தலைவலி.

கேபிள் மாற்றியும் பட்டியலில் 4கே வரவில்லை என்றால், 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழே பாருங்கள். 'இன்டெல் ஹெச்டி கிராபிக்ஸ் 4600' என்று இருக்க வேண்டும். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம். சிபியுவின் மேல் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் எண்ணை டெல் இணையதளத்தில் கொடுத்தால் உங்கள் மாடலுக்கான டிரைவர் கிடைக்கும்.

4கே வந்ததும் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். மெனு, ஐகான் எல்லாம் எறும்பு மாதிரி ஆகிவிடும். இந்த இடத்தில்தான் பலரும் பயந்துபோய் ரெசல்யூஷனை மறுபடி 1920 × 1080-க்கு இறக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரெசல்யூஷன் உச்சத்திலேயே இருக்கட்டும். அதே பக்கத்தில் உள்ள 'ஸ்கேல்' என்பதை 150 சதவீதம் ஆக்குங்கள். எழுத்தின் உருவம் பெரிதாகும், புள்ளிகளின் நெருக்கம் குறையாது. ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்தும் பெரிதாகும், கூடவே மங்கும். 27 அங்குலத்துக்கு 150 பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துகிறது. கண் கேட்டால் 175 வையுங்கள், தப்பே இல்லை. மாற்றியதும் ஒரு தடவை சைன் அவுட் செய்து திரும்ப வாருங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே திறந்திருந்த மென்பொருள்கள் பழைய அளவை இழுத்துக் காட்டும்.

நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் இருபது வருட டிடிபி என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். பேஜ்மேக்கரில்தானே வேலை செய்கிறீர்கள்? பழைய ஃபாண்டில் கட்டிய நூற்றுக்கணக்கான பக்கங்கள் கைவசம் இருக்கும்போது யாராலும் அதைச் சட்டென்று விட முடியாது என்பது எனக்குத் தெரியும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். ஸ்கேல் என்ற ஏற்பாட்டை அது அறியாது. அதனால் விண்டோஸ் அதை ஒரு படம் மாதிரி எடுத்து ஒன்றரை மடங்கு இழுத்துக் காட்டும். மற்ற எல்லாம் பளிச்சென்று இருக்க, உங்கள் வேலை நடக்கிற ஜன்னல் மட்டும் மங்கலாக இருக்கும். கேபிளை மாற்றியும் பலனில்லை என்று அப்போது நினைத்துவிடாதீர்கள். பேஜ்மேக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'கம்பாட்டிபிலிட்டி', அதில் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' வரை போங்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் மூன்று தேர்வு கிடைக்கும். முதலில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' வைத்துப் பாருங்கள். 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி, பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்களின் எழுத்தைக் கூர்மையாகவே பெரிதாக்கித் தர முயலும். அதில் கோடுகள் இடம் மாறினாலோ பெட்டிகள் சரியாக வராவிட்டாலோ 'அப்ளிகேஷன்' என்பதற்கு மாற்றுங்கள். அப்போது டூல் பாக்ஸ் சின்னதாகிவிடும், ஆனால் பக்கம் அச்சுப் போலத் தெளிவாக இருக்கும். ஷார்ட்கட் கீ பழகிய கைக்கு டூல் பாக்ஸ் சின்னதானால் என்ன? என்னைக் கேட்டால் ப்ரூஃப் பார்க்க அதுதான் மேல். இன்டிசைனின் புதிய பதிப்புகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

இதே பிரச்சினையோடு வேறு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எல்லாப் பழைய கம்ப்யூட்டரிலும் டிஸ்ப்ளேபோர்ட் இருக்காது. விஜிஏவும் பழைய ஹெச்டிஎம்ஐயும் மட்டும் உள்ள போர்டுகள் ஏராளம். 2009-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4-இல் 4கே வரும், ஆனால் 30 ஹெர்ட்ஸில்தான். 60 வேண்டும் என்றால் 2013-இல் வந்த 2.0 வேண்டும். அந்த நிலையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டியிருக்கும். கடையில் "4கே கார்டு" என்று ஜிடி 710-ஐக் கொடுப்பார்கள். அதன் ஹெச்டிஎம்ஐயும் 30-இலேயே நின்றுவிடும். ஹெச்டிஎம்ஐ 2.0 உள்ள கார்டா என்று கேட்டு வாங்குங்கள், கேபினெட் ஒல்லியானதாக இருந்தால் 'லோ ப்ரொஃபைல்' கார்டாக இருக்க வேண்டும். கார்டு போட்ட பிறகு கேபிளைக் கார்டில் மாட்டுங்கள். பழக்கதோஷத்தில் மதர்போர்டு ஓட்டையிலேயே மாட்டிவிட்டுக் கார்டு வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

கடைக்காரர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. உங்கள் பிராசஸருக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான் அதை ஏற்கிறார்கள். ஆகவே என்றாவது ஒரு நாள் கம்ப்யூட்டரை மாற்றத்தான் வேண்டும். பாங்க் வேலைகளை அதில் செய்யாமல் இருப்பது நல்லது. வேலைக் கோப்புகளுக்கு வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது உங்கள் வசதிப்படி, பணம் சேர்ந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு. இந்த மானிட்டருக்காக இன்றைக்கே எடுக்க வேண்டியதில்லை. அன்றைக்கும் இந்த மானிட்டர் அப்படியே புதுக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்துகொள்ளும்.

கேபிள் மாட்டியதும் 'ஆக்டிவ் சிக்னல்' வரியில் வரும் அளவையும் அதன் கீழே உள்ள ஹெர்ட்ஸ் எண்ணையும் எனக்கு எழுதுங்கள். 4கே வந்து 30-இல் நின்றால் உடனே கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். மானிட்டரின் மெனுவுக்குள் 'டிஸ்ப்ளேபோர்ட் 1.1' என்று வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சில மானிட்டர்களில் அந்தத் தேர்வு உண்டு. 1.2-க்கு மாற்றினால் திரை ஒரு முறை அணைந்து 60-இல் திரும்பி வரும்.